கல் இழந்ததும் மண் வைத்திருப்பதும்

திருவண்ணாமலை நகரை ஒட்டிய வேங்கிக்காலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, வீட்டுமனைகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம் விளைநிலமும் இருக்கிறது. அந்த மண்ணை ஒரு விவசாயி பரிசோதனைக்குக் கொடுத்தால் கைக்கு மண்வள அட்டை வரும். 2015இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என்று பன்னிரண்டு இனங்கள். மண்ணில் மிகுதியாக இருக்கும் சிலிக்கானுக்கும் அலுமினியத்துக்கும் அதில் இடமில்லை. பயிருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அட்டையின் கேள்வி.

நிலவியலாளர் அதே மண்ணை எடுத்தால் கேள்வி மாறிவிடும். இந்த மண் எந்தக் கல்லிலிருந்து வந்தது? அந்தக் கல்லில் இருந்தவற்றில் எது போய்விட்டது, எது தங்கியிருக்கிறது? போனதைக் கொண்டுபோனது எவ்வளவு தண்ணீர், எத்தனை காலம்? கடந்த ஐம்பது ஆண்டுகளாகச் செவ்வாயிலும் வெள்ளியிலும் நிலவிலும் இறங்கிய கருவிகள் மண்ணை அளந்து தேடிக்கொண்டிருப்பதும் இந்தப் பதில்களைத்தான். கிடைத்தவற்றைத் தொகுத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: மண்ணின் தனிமங்களை மட்டும் வைத்துப் பாறைச் சிதைவைப் பற்றிச் சொல்ல முடிவது, நாம் நினைப்பதைவிடக் குறைவு. தாய்ப்பாறை தெரிய வேண்டும், மண் இருந்த இடம் தெரிய வேண்டும், மேலும் கீழும் பக்கத்திலும் என்ன மண் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இவை தெரிந்த இடத்தில் ஒரு கைப்பிடி மண் ஒரு கோளின் பழைய தட்பவெப்பத்தையே சொல்லிவிடும்.

அடிப்படை வேதியியல் எளிது. மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் அங்கே அந்த வாயு இன்னும் அதிகம். அந்த நீர் ஃபெல்ட்ஸ்பாரைத் தொடும்போது சோடியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை கரைந்து வெளியேறுகின்றன. சிலிக்காவிலும் ஒரு பங்கு போகிறது. எளிதில் கரையாத அலுமினியம் தங்கிக் களிமமாகிறது. கேயோலினைட் அப்படிப் பிறந்ததுதான். கருங்கனிமங்களிலிருந்து விடுபடும் இரும்பு காற்றுப்பட்டுத் துருவாகி மண்ணைச் சிவப்பாக்குகிறது. குவார்ட்ஸ் ஏறக்குறைய அப்படியே மணலாக நிற்கிறது. எந்தக் கனிமம் முதலில் அழியும், எது கடைசிவரை நிற்கும் என்ற வரிசையை 1938இல் கோல்டிச் என்ற அமெரிக்க நிலவியலாளர் வகுத்துத் தந்தார். முதலில் போவது ஒலிவைன், பிறகு பைராக்சீன், கடைசியில் குவார்ட்ஸ். பாறைக்குழம்பில் முதலில் உறைந்தது மண்ணில் முதலில் அழிகிறது.

இழப்பை ஓர் எண்ணாக்கும் முயற்சி 1982இல் வந்தது. நெஸ்பிட், யங் இருவரும் முன்வைத்த வேதிச் சிதைவுக் குறியீட்டின் கணக்கு இவ்வளவுதான்: அலுமினியம், கால்சியம், சோடியம், பொட்டாசியம் நான்கின் ஆக்சைடுகளையும் மூலக்கூறு எண்ணிக்கையில் கூட்டி, அதில் அலுமினியத்தின் பங்கு நூற்றுக்கு எத்தனை என்று பார்க்க வேண்டும். சிதையாத கிரானைட்டுக்கு ஏறத்தாழ 50 வரும், பசால்ட்டுக்கு 30 முதல் 45. சாதாரணக் களிப்பாறைகள் 70இலிருந்து 75க்குள் நிற்கும். சுத்தக் கேயோலினைட் என்றால் 100. ஒரே எண்ணில் ஒரு நிலத்தின் மழைக்காலம் அடங்கிவிடும் என்ற கவர்ச்சியால் இது எங்கும் பரவியது. கிரானைட் போன்ற பாறைகளுக்கென்று செய்த அளவுகோல் இது என்பதைச் சிலர் மறந்தும் போனார்கள்.

இந்தக் கணக்கை வேங்கிக்கால் வட்டாரத்தில் போட்டுப் பார்க்கத் தொடங்கினால் சிக்கல்கள் ஒவ்வொன்றாக வரும்.

முதல் சிக்கல் தாய்ப்பாறை. இந்தப் பகுதியின் அடித்தளம் சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைகளால் ஆனது. வட தமிழகத்தில் இவற்றின் வயது 250 கோடி ஆண்டுகள் என்ற அளவில். சார்னோகைட்டுக்குப் பெயர் கொடுத்தவர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல் பல்லாவரம் பக்கத்துப் பாறையோடு ஒத்துப்போனதைப் பார்த்து வைத்த பெயர் அது. அண்ணாமலை ஒருகாலத்தில் எரிமலையாக இருந்தது என்று ஊரில் பலர் சொல்வதுண்டு. அக்கினித் தலத்தின் கதையோடு அது பொருந்துவதால் நிலைத்துவிட்டது. ஆனால் சார்னோகைட் எரிமலை கக்கிய கல் அல்ல. பூமியின் மேலோட்டுக்குள் இருபது கிலோமீட்டர் அளவு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவாகும் கல். அது இன்று வெயிலில் கிடக்கிறது என்றால் மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் தேய்ந்து, கரைந்து, போய்ச்சேர்ந்துவிட்டது என்று பொருள். எரிமலைக் கதையைவிட இதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

இந்தப் பாறைகளை ஊடறுத்துக் கறுப்புச் சுவர்கள் போல டாலரைட் ஓடுகிறது. பாறை வெடிப்புகளில் பாறைக்குழம்பு ஏறி உறைந்தவை இவை. திருவண்ணாமலை டைக்குகள் என்று நிலவியல் ஆய்வுகளில் இவற்றுக்குத் தனிப் பெயரே உண்டு. கல்குவாரிக்காரர்களுக்கு இது கறுப்பு கிரானைட். உண்மையில் இது கிரானைட்டே அல்ல, வேதியியலில் பசால்ட்டின் உடன்பிறப்பு. இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் நிறைந்தது, குவார்ட்ஸ் இல்லாததுபோலத்தான். ஒரே மழை இரண்டின் மேலும் பெய்கிறது. ஆனால் நைஸ் சிதைந்த இடத்தில் மணல் கலந்த வெளிர்செம்மண்ணும், டைக் சிதைந்த இடத்தில் மணலற்ற அடர்செம்மண்ணும் வரும். இரண்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, இரும்பு அதிகம் உள்ள மண்தான் அதிகம் சிதைந்தது என்று யாராவது சொன்னால் அது பிழை. அந்த இரும்பு கல்லிலேயே இருந்தது. செவ்வாயின் மேலோடு பெரும்பாலும் பசால்ட் என்பதால் இந்த எச்சரிக்கை அங்கே இன்னும் முக்கியம்.

இரண்டாவது, தண்ணீர் செய்யும் சலிப்பு. மலைச்சரிவில் இறங்கும் வெள்ளம் பருமணலை ஓடைமுகத்தில் விட்டுவிட்டு, நுண்களிமத்தை ஏரியின் அடிவரை கொண்டுபோகிறது. கோடையில் ஏரி வற்றியதும் விவசாயிகள் வயலுக்கு அள்ளிச் செல்லும் வண்டல் அதுதான். அந்த வண்டலில் அலுமினியம் கூடுதலாக இருக்கும், குறியீடும் ஏறும். ஓடை மணலில் குறையும். சரிவில் இருந்த மண் ஒன்றே. சிதைவின் அளவும் ஒன்றே. பிரிந்ததனால் இரண்டு எண்கள். செவ்வாயில் வண்டிகள் இறங்கிய கேல், ஜெசரோ இரண்டும் ஒருகாலத்தில் ஏரியாக இருந்த பள்ளங்கள் என்பதால், அங்கே எடுக்கும் ஒவ்வொரு அளவுக்கும் இந்தக் கேள்வி உண்டு.

மூன்றாவது சிக்கலில்தான் விஷயம் சூடுபிடிக்கிறது. தக்காணத்தில் ஒரே நைஸ் பாறையின் மேல், மேட்டில் செம்மண்ணும் தாழ்வில் கரிசலும் சில நூறு மீட்டர் இடைவெளியில் கிடப்பதைப் பார்க்கலாம். மேட்டில் நீர் வடிந்துவிடும், கரைந்தவை கீழே போகும், மிஞ்சுவது கேயோலினைட்டும் இரும்புத் துருவும். கரைந்து வந்த சிலிக்காவும் மக்னீசியமும் கால்சியமும் தாழ்வில் தேங்கி அங்கே ஸ்மெக்டைட் என்ற வீங்கும் களிமமாகின்றன. கோடையில் கரிசல் வெடிப்பதற்கும் மழையில் கால் புதைவதற்கும் இந்த ஸ்மெக்டைட்தான் காரணம். மேட்டின் இழப்பு பள்ளத்தின் வரவு. கால்சியம் இன்னும் கொஞ்சம் தூரம் போய்ச் சுக்கான்கல்லாகப் படிகிறது. சோடியம் வடிகால் இல்லாத வயலில் தங்கிக் களர் ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர் மழை பெறும் திருவண்ணாமலை போன்ற இடத்தில், கரைந்ததையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகத் தண்ணீர் போதாது. கரைப்பதற்குப் போதும், கழுவுவதற்குப் போதாது. சுக்கான்கல் அந்த இடைநிலையின் சாட்சி.

கழுவுவதற்கும் போதுமான மழை பெய்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கே போக வேண்டும். 1807இல் வெளிவந்த தன் பயண நூலில் பிரான்சிஸ் புக்கானன், மலபாரின் அங்காடிப்புரத்தில் செங்கல்லாக வெட்டி எடுத்த மண்ணுக்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். நம்மிடம் அது செம்புறைக்கல். சிலிக்காவே பெருமளவு போய்விட, இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சிய மண். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சிகளில் சார்னோகைட் இப்படி முற்றிச் சிதைந்து பாக்சைட் ஆனதால்தான் மேட்டூரில் அலுமினிய ஆலை வர முடிந்தது. திருவண்ணாமலையிலிருந்து பார்த்தால் அதே தாய்ப்பாறைதான். உயரமும் மழையும் வடிகாலும் நீண்ட காலமும் சேர்ந்து வேறு பொருளாக்கிவிட்டன. மண்ணை ஆக்கும் காரணிகள் தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, தாய்ப்பொருள், காலம் என ஐந்து என்று 1941இல் ஹான்ஸ் யென்னி எழுதினார். செவ்வாய்க்குப் போகும்போது அதில் உயிரினத்தைக் கழித்துவிட்டு மற்ற நான்கையும் வைத்துக்கொள்ளலாம்.

1976இல் இரண்டு வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி எக்ஸ் கதிரால் மண்ணை அளந்தபோது, இரும்பு ஆக்சைடு ஏறக்குறைய 18 சதவீதம் என்று தெரிந்தது. கூடவே கந்தகம் மிகுதி, குளோரினும் உண்டு. சோடியம் போன்ற எடை குறைந்த தனிமங்களை அந்தக் கருவியால் பார்க்க முடியவில்லை. சிவப்பு நிறத்தையும் இந்த எண்களையும் சேர்த்து, இரும்புக் களிமம் நிறைந்த, நன்கு சிதைந்த மண் என்று அன்று பலர் கருதினார்கள். பிறகு வந்த வண்டிகள் அந்தக் கருத்தை மெல்லக் குலைத்தன. 2004இல் குசெவ் பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிட், மண்ணில் ஒலிவைனைக் கண்டது. கோல்டிச் வரிசையில் முதலில் அழிய வேண்டிய கனிமம்! கியூரியாசிட்டி 2012இல் கேல் பள்ளத்தின் ராக்னெஸ்ட் மணலை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவால் ஆராய்ந்தபோதும் ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன், ஒலிவைன் மூன்றும் இருந்தன. அவற்றோடு படிக உருவமில்லாத பொருள் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு. ஹவாய்த் தீவின் எரிமலை மண்ணைப் போன்ற கலவை அது. செவ்வாய் மண்ணின் சராசரி எண்களை வைத்து நெஸ்பிட்–யங் குறியீட்டைக் கணக்கிட்டால் 40ஐ ஒட்டி வருகிறது. அதாவது சிதையாத பசால்ட்டின் எண். சிவந்து கிடந்தும் சிதையாத மண்.

அப்படியானால் அந்தச் சிவப்பு? மெல்லிய தூசி போர்த்தியதால் வந்தது. அந்தத் தூசியின் நிறம் ஹெமடைட்டால் வருகிறது என்ற நெடுநாள் எண்ணத்தை மறுத்து, நீர் சேர்ந்த ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்புக் கனிமமே அதற்குப் பொருத்தம் என்று 2025இல் ஓர் ஆய்வு சொன்னது. குளிர்ந்த, ஈரமான சூழலில் விரைவாக உருவாகும் கனிமம் அது. கந்தகமும் குளோரினும் பாறை சிதைந்ததால் கூடியவை அல்ல. எரிமலை வாயுக்களிலிருந்து மேலே படிந்து, காற்றால் கோள் முழுக்கப் பரவியவை. அதனால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கிய கலங்களும் ஏறக்குறைய ஒரே மண்ணைக் கண்டன. ஒரு மண்ணின் கணக்கில் இழப்புகளை மட்டும் பார்த்தால் போதாது, வரவையும் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கு நெஸ்பிட்–யங் குறியீடு ஏன் சரிப்படவில்லை என்பதை 2007இல் ஹுரோவிட்ஸ், மக்லென்னன் இருவரும் தெளிவாகக் காட்டினார்கள். அங்கே நடந்த சிதைவு பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீரிலும் நிறைய அமிலத்திலும் நடந்தது. கந்தக அமிலம் ஒலிவைனை முதலில் கரைக்கும், மக்னீசியமும் இரும்பும் நகரும். ஃபெல்ட்ஸ்பார் தொடப்படாமலே இருக்கும். தண்ணீர் வற்றினால் கரைந்தவை அங்கேயே உப்பாகப் படியும். நம் அளவுகோல் ஃபெல்ட்ஸ்பாரின் அழிவை மட்டுமே கேட்கிறது. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. ஆப்பர்ச்சுனிட்டி 2004இல் மெரிடியானி சமவெளியில் கண்ட ஜாரோசைட் என்ற கந்தகக் கனிமம் அந்த அமிலக் காலத்தின் அடையாளம். அதே ஜாரோசைட் குஜராத்தின் கட்ச் பகுதியில் மாதாநோமத் என்ற இடத்தில் பசால்ட்டோடு சேர்ந்து கிடைப்பதால், இந்திய ஆய்வாளர்கள் அந்த இடத்தைச் செவ்வாயின் மாதிரி நிலமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

தனிமமும் கனிமமும் வேறு வேறு கதை சொல்லும் இடமும் உண்டு. கேல் பள்ளத்தின் யெல்லோநைஃப் விரிகுடாவில் கியூரியாசிட்டி துளைத்த சேற்றுக்கல்லில் ஸ்மெக்டைட் ஐந்தில் ஒரு பங்கு அளவு இருந்தது. களிமம் இவ்வளவு இருந்தால் பாறை நன்றாகக் கழுவப்பட்டிருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் மொத்த வேதிக் கலவை ஏறக்குறைய மாறாத பசால்ட்டாகவே இருந்தது. ஏரியின் அடியில், தேங்கிய நீரில், எதுவும் வெளியேறாமல் பாறை அப்படியே களிமமாகியிருக்கிறது. நம் பள்ளத்துக் கரிசல் மேட்டிலிருந்து வந்ததை வாங்கிக்கொண்டது. கேலில் அப்படி வாங்கியதற்கும் இழந்ததற்கும் பெரிய தடயம் இல்லை. களிமம் தண்ணீர் இருந்ததற்குச் சான்று, தண்ணீர் ஓடியதற்குச் சான்றல்ல.

ஓடியதற்கான சான்று வேறு இடங்களில் இருக்கிறது. மார்ஸ் எக்ஸ்பிரஸ் விண்கலத்தின் ஒமேகா கருவியை வைத்து 2006இல் பிப்ரிங் குழுவினர் செவ்வாயின் காலத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: முதலில் களிமக் காலம், அடுத்து கந்தக உப்புகளின் காலம், பிறகு இன்றுவரை நீளும் வறண்ட துருக் காலம். அந்தக் களிமக் காலத்துக்கு உரிய மாவ்ர்த் பள்ளத்தாக்கில் அடுக்குகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கீழே இரும்பு, மக்னீசிய ஸ்மெக்டைட். மேலே அலுமினியக் களிமமும் கேயோலினைட்டும். மேலிருந்து கீழே நீர் இறங்கி, மேலடுக்கைக் கழுவியிருந்தால்தான் இந்த வரிசை வரும். தக்காணத்தில் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே கிடைமட்டமாகப் பார்ப்பது அங்கே செங்குத்தாக நிற்கிறது. ஒரு மண் மாதிரியைவிட ஒரு மண் அடுக்கு எவ்வளவு அதிகம் பேசும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜெசரோ பள்ளத்தில் 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்செவரன்ஸ் வண்டி, வழியெங்கும் சிதறிக் கிடந்த வெளிறிய கற்களைக் கண்டது. லேசர் சுட்டுப் பார்த்ததில் அலுமினியம் மிகுதி, இரும்பும் மக்னீசியமும் வெகு குறைவு, கனிமம் கேயோலினைட். பசால்ட்டிலிருந்து இவ்வளவு இரும்பையும் மக்னீசியத்தையும் வெளியேற்ற நிறையத் தண்ணீர் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். வெந்நீர் ஊற்றுகளும் கேயோலினைட்டை உண்டாக்கும் என்பதால் ஆய்வாளர்கள் டைட்டானியம் முதலியவற்றின் அளவையும் சேர்த்து, தென்னாப்பிரிக்காவின் தொல்மண் போன்றவற்றோடு ஒப்பிட்டார்கள். நீண்டகால மழையே பொருத்தம் என்பது அவர்கள் முடிவு. அப்படியென்றால் செவ்வாயின் ஏதோ ஓர் இடத்தில், ஏதோ ஒரு காலத்தில், மலபாரைப் போல மழை பெய்திருக்கிறது! ஆனால் அந்தக் கற்கள் எந்தப் பாறையிலிருந்து உடைந்து உருண்டு வந்தன என்பது தெரியவில்லை. தாய்ப்பாறை இல்லாத மண்ணின் தொல்லை மறுபடியும். என் தயக்கம் அங்கேதான். 2025இல் கியூரியாசிட்டியின் துளைப்புகளில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் 5 முதல் 10 சதவீதம் வரை இருப்பது வெளியாகி, காற்றிலிருந்த கரியமில வாயு ஓரளவு பாறைக்குள் போனதையும் காட்டியது. நம் சுக்கான்கல் செய்வதும் அதே வேலைதான், இரும்புக்குப் பதில் கால்சியம்.

நீரே இல்லாத இடத்தில் மண் எப்படிச் சிதையும்? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டின் பங்கு கொஞ்சம் நேரடியானது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் அனார்த்தோசைட் என்ற வெளிறிய, கால்சிய ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த பாறை இருக்கிறது. நிலவின் மேட்டு நிலங்களும் அதே வகைப் பாறை. சந்திரயான் தரையிறங்கு கலத்தையும் உலவியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவின் மண் தேவைப்பட்டபோது, சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் உதவியோடு இந்தப் பாறையை நொறுக்கி மாற்று மண் செய்தார்கள். 2023 ஆகஸ்ட் 23இல் தரையிறங்கு கலம் விக்ரம் நிலவில் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், திருவண்ணாமலைக்கு அடுத்த விழுப்புரத்துக்காரர். பிரக்யான் உலவி 103 மீட்டர் பயணத்தில் 23 இடங்களில் மண்ணின் தனிமங்களை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் செய்த அந்தக் கருவியின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. ஏறக்குறைய எங்கும் ஒரே கலவை, இரும்பு கலந்த அனார்த்தோசைட்.

ஆனால் நொறுக்கிய சித்தம்பூண்டிப் பாறைக்கு நிலவின் மண்ணிலுள்ள ஒன்று வராது. நிலவில் நுண்விண்கற்கள் மோதி மண்ணை உருக்கிக் கண்ணாடித் துகளாக ஒட்டவைக்கின்றன. சூரியக் காற்றும் மோதலின் ஆவியும் சேர்ந்து துகள்களின் மேல் நானோ அளவு இரும்பைப் பூசுகின்றன. மண் கறுத்து லேசாகச் சிவக்கிறது. அதுவும் வேகமாக அல்ல, கோடிக்கணக்கான ஆண்டுகளில். தனிமங்களின் கணக்கில் இது பெரிதாகத் தெரியாது. எதுவும் கரைந்து போகவில்லையே. நிறமாலையிலும் நுண்ணோக்கியிலும்தான் தெரியும். இந்தச் சிதைவால் குறியீட்டில் வரும் மாற்றம் பூஜ்யம்.

வெள்ளியின் கதை இன்னும் சுருக்கம். வெனெரா 13, 14 இரண்டும் 1982 மார்ச்சில் அங்கே இறங்கி, 460 டிகிரி வெப்பத்தில் தாக்குப்பிடித்த நேரத்துக்குள் மண்ணை அளந்து பசால்ட் என்று சொல்லிவிட்டு அணைந்தன. அங்கே நீர் இல்லை, கந்தக டை ஆக்சைடு கலந்த கரியமில வாயுவும் பாறையும் நேராக வினைபுரிகின்றன. பூமியில் மழை பாறையைக் கரைத்துக் கால்சியத்தைக் கடலுக்கு அனுப்பி, கரியமில வாயுவைச் சுண்ணாம்பாகப் பூட்டுவதால்தான் வெப்பம் கட்டுக்குள் நிற்கிறது என்று 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் வாதிட்டார்கள். வெள்ளியில் அந்தப் பூட்டு இல்லை.

அடுத்து என்ன வேண்டும் என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வண்டி துளைப்பது சில சென்டிமீட்டர். மாவ்ர்த் போன்ற இடத்தில் ஓர் அடுக்கை மேலிருந்து கீழ்வரை தொட்டு அளந்த கலம் இதுவரை இல்லை. பெர்செவரன்ஸ் குழாய்களில் அடைத்த மாதிரிகள் செவ்வாயில் காத்திருக்கின்றன. அவற்றைக் கொண்டுவரும் திட்டம் செலவுக் கணக்கில் சிக்கிக்கொண்டது. அதுவரை பூமியில் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு. நைஸும் டாலரைட்டும் ஒரே மழையில் அருகருகே சிதையும் திருவண்ணாமலை வட்டாரத்தில் இரண்டின் மேலும் தலா ஒரு குழி வெட்டி, பாறை தட்டும்வரை அரையடிக்கு ஒரு மாதிரி எடுத்து, எது எந்த ஆழத்தில் போயிற்று என்று பட்டியலிடலாம். பசால்ட் வகைப் பாறைக்கென்று தனி அளவுகோல் செய்ய அப்படிப்பட்ட இணைக்குழிகள்தான் தேவை. அதற்குப் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் எக்ஸ் கதிர்க் கருவியும், குவாரி வைத்திருப்பவரின் அனுமதியும் இருந்தால் போதும்.